மருமகள் நீட்டிய செல்போன்

கோட்டக்குப்பத்தில் மத்தியான வெயில் எங்கள் கொல்லை மணலைச் சுட்டுப் போட்டிருக்கிறது. முருங்கை நிழலில் என் மருமகள் சுமைரா செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கராச்சிக்காரி. என் மகன் சர்புதீன் ஷார்ஜாவில் வேலை பார்க்கும்போது கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் பேச்சை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். அந்த செல்போனைக் கண்டாலே எனக்கு ஆகாது. யாரிடம் என்ன பேசுகிறாளோ, யாருக்குத் தெரியும்? இன்றைக்கு அதில் வெள்ளைத்துணி சுற்றிய அவள் அம்மாவின் உடல் தெரிகிறது. பாகிஸ்தானுக்குப் போய்விட்டால் மறுபடி இந்தியாவுக்குள் விடமாட்டார்கள் என்று இவள் போகவில்லை. ஆண்கள் உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கித் தோளில் வைக்கிறார்கள். இவள் தம்பி செல்போனைப் பிடித்தபடி கூடவே நடக்கிறான். சட்டென்று சுமைரா முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனை என்னிடம் நீட்டுகிறாள்.

“மாமா, மையவாடிக்குப் போவுது. பொம்பளை போவக்கூடாது. நீங்க போங்க.”

“செல்லுல பாக்குறதுக்கு என்னாடி தடை?” என்கிறாள் என் பெண்டாட்டி ரசியா.

“எங்க அம்மாக்குப் புடிக்காது மாமி.”

வாங்கிக்கொள்கிறேன். சூடாக இருக்கிறது. தலையில் துண்டைக் கட்டுகிறேன். செருப்பைக்கூட மாட்டுகிறேன், எங்கே போகப்போகிறேனோ. மையவாடியில் தோண்டிய குழிக்குள் இறக்குகிறார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண் போடுகிறார்கள். நானும் குனிந்து கொல்லை மணலில் ஒரு பிடி அள்ளுகிறேன். அதற்குள் படம் நின்றுபோகிறது.

“போட்டாச்சா மாமா?” முதுகைக் காட்டியபடியே கேட்கிறாள்.

“போட்டாச்சும்மா.”

மண் என் கையில்தான் இருக்கிறது.