காலிங்பெல் அடித்த உளவாளி

தொலைக்காட்சியிலிருந்து கோஹெயின் குரல் வந்ததும் ஷூசோவின் கத்தரிக்கோல் நிஷிவாகியின் காதுக்குப் பின்னால் ஒரு கணம் நின்றது.

ஞாயிறு மாலை ஐந்து மணி. ‘மறதி உளவாளி’ கார்ட்டூன் தொடர், ஒன்பதாவது வாரம்.

நாற்காலியில் இருந்த நிஷிவாகி பஸ் ஓட்டுநர். நாற்பது வயதிலும் கார்ட்டூன் பைத்தியம். கண்ணாடியில் திரையைப் பார்த்தபடியே புலம்ப ஆரம்பித்தார். வருவதற்கு முன்னால் என்ன ஆர்ப்பாட்டம், உளவாளிப் படங்களையெல்லாம் கிண்டலடித்துக் கிழித்துவிடப் போகிறார்கள் என்று நம்பினேன், ஒரு வாரமாவது வாய்விட்டுச் சிரித்தேனா என்றார்.

ஷூசோ தலையை மட்டும் ஆட்டினான். வாடிக்கையாளர்களுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான். தொணதொணக்காதவன்.

ஆனால் நிஷிவாகி அவன் வயிற்றில் பாலை வார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடம் ஒரே மைக்கின் முன் தோளோடு தோள் நின்று ஒசாகா மேடைகளில் ஆட்களைச் சிரிக்கவைத்தவர்கள் அவனும் கோஹெயும். கோஹெய் உளறுவான். ஷூசோ அந்த உளறலைப் பிடித்து, எதிர்க்கேள்வி கேட்டு அவன் மண்டையில் தட்டுவான். அவ்வளவுதான் வித்தை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஜோடி உடைந்தது. ஷூசோ அமகசாகிக்கு வந்து மாமனாரின் சலூனில் கத்தரி பிடித்தான். கோஹெய் டோக்கியோ போனான்.

இந்த வசந்தத்தில், ரயில் நிலையச் சுவரில் இந்தத் தொடருக்கு ஆளுயர போஸ்டர். உளவாளி பொம்மைக்குக் கீழே, அதற்குக் குரல் கொடுக்கும் கோஹெயின் நிஜ முகம். அவனுக்கு வலப்பக்கம், தோளோடு தோளாக, ஹோனமி என்ற நடிகை. உளவாளியின் உதவியாளுக்குக் குரல் கொடுப்பவள்.

அது மேடையில் ஷூசோ நின்ற பக்கம்.

கட்டிய மனைவி இன்னொருத்தன் கையைப் பிடித்துப் போவதைப் பார்த்தவன் மாதிரி நின்றான். அவனுடைய ரயில் வந்து, போய்விட்டது.

அன்றிலிருந்து தொடரின் சறுக்கல்தான் அவனுக்குச் சாப்பாடு. கடை விடுமுறையான திங்கட்கிழமைகளில், படுக்கையை விட்டு எழாமல் இணையத்தில் ரசிகர்கள் எழுதியதை ஒன்று விடாமல் படிப்பான். நான்கு நட்சத்திரம் மூன்றானது. மூன்று இரண்டானது. ‘ஜவ்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘இழவு வீட்டில்கூட இதைவிடச் சிரிப்பு வரும்’ என்று இன்னொருவர்.

இரண்டு நட்சத்திரமான நாளில் மனைவி மிசாஎவுக்கு விலை உயர்ந்த விலாங்குமீன் வாங்கிப் போனான். என்ன விசேஷம் என்று கேட்டாள். தோளைக் குலுக்கிவிட்டு வேறொரு பெயரில் அவனும் அங்கே ஒரு வரி எழுதினான்: ‘அந்த நடிகைக்கு அங்கே நிற்கத் தகுதி இல்லை.’

திரையில் எதிரியின் மாளிகை. உளவாளி கதவை நெருங்கி, சட்டையை நீவிவிட்டு, காலிங்பெல்லை அடித்தான். வேலைக்காரி திறந்தாள்.

“நான் ரகசியமா வந்திருக்கேன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லிடுங்கம்மா.”

பிறகு ஒன்றுமில்லை. வேலைக்காரி நின்றாள். உளவாளி நின்றான். கடையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு விழுவதுகூடக் கேட்டது. அப்புறம் உளவாளி காரணமே இல்லாமல் ‘ம்க்கும்’ என்று ஒரு அடிபட்ட சத்தம் போட, ஹோனமியின் குரல் உள்ளே போகலாமா என்றது.

நிஷிவாகி உச்சுக் கொட்டினார். முதலில் குரலைப் பதிவுசெய்து அதற்கேற்றபடிதான் படம் வரைகிறார்களாம். இந்த ஆளைச் சீக்கிரம் சீக்கிரம் பேசச் சொல்லிக் கெஞ்சினார்களாம். பழக்கத்தை மாற்ற முடியவில்லை என்று கையை விரித்துவிட்டானாம்.

“இந்த இடைவெளிதான் தொடரையே கொன்னுடுச்சு, மாஸ்டர்.”

உளவாளி உள்ளே போய் அலமாரியைத் திறந்தான். ரகசியக் கோப்பு ஒன்றை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டு, காவலாளியின் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

“இதத் திருடிட்டேன். ரசீது குடுங்க.”

ஷூசோ வாயைத் திறந்தான்.

திரை அசையாமல் நின்றது. காவலாளியின் மீசை நின்றது. நீட்டிய கை நின்றது.

“திருடினதுக்கு எவன்டா ரசீது குடுப்பான்?” என்றான் ஷூசோ.

‘ம்க்கும்’ என்றான் கோஹெய். மண்டையில் தட்டு வாங்கியவனாகத் திரையில் உளவாளி தலையைக் குனிந்துகொண்டான்.

நிஷிவாகி வெடித்துச் சிரித்தார். போர்த்தியிருந்த துணி குலுங்கி, வெட்டிய மயிரெல்லாம் தரையில் சிந்தியது. ஒன்பது வாரத்தில் முதல் சிரிப்பு. எப்படி மாஸ்டர் அவ்வளவு கச்சிதமாக நடுவில் சொருகினீர்கள், அளந்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அளந்து வைத்ததுதான்.

ஷூசோவுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். முதல் எழுத்து தொண்டையிலிருந்து ஏறி வர ஒன்றரை நொடி பிடிக்கும். அந்த ஒன்றரை நொடியில் சிரிப்பு ஆறிப்போகிறது, வேகமாகப் பேசுகிற ஒருத்தனைப் பிடித்துக்கொள் என்று மேடை நிகழ்ச்சி நடத்தும் கம்பெனிக்காரர்கள் கோஹெயிடம் எத்தனையோ தடவை சொன்னார்கள். கோஹெய் கேட்கவில்லை. ஷூசோதான் ஒரு நாள் காலையில் கடிதம் எழுதி வைத்துவிட்டு ரயில் ஏறினான்.

அங்கே டோக்கியோவில், வலப்பக்கத்தில் யாரோ ஒருத்தியை வைத்துக்கொண்டு, கோஹெய் இன்னும் அந்த ஒன்றரை நொடி நின்று காத்திருந்தான்.

நிஷிவாகி கண்ணாடியில் அவனைப் பார்த்து, நீங்கள் மேடையில் இருந்தவரா என்று கேட்டார்.

ஷூசோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். முதல் எழுத்து ஏறி வருவதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.