நாலாம் பெட்டியின் கருங்காலி

"ஒரே ஒரு ஓட்டு, பாப்டிஸ்ட்! ஒரே ஒரு ஓட்டுல என்னைக் கவுத்துட்டாங்க. நம்ம மில்லுக்குள்ள இருக்கற அந்தக் கருங்காலி யாருன்னு தெரியாம நான் கஞ்சியைத் தொடமாட்டேன்."

ஹெக்டர் கில்லிஸின் ஓட்ஸ் கஞ்சி ஏற்கெனவே ஆறி ஆடை கட்டியிருந்தது. அவருடைய மர அறுவை மில்லின் ஃபோர்மன் பாப்டிஸ்ட், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையோரம் நின்றான். ஜன்னல் பக்கம் கில்லிஸின் மனைவி இசபெல் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

கில்லிஸ் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு கோடரியோடு ஒட்டாவா ஆற்றங்கரைக்கு வந்தவர். பைன் மரங்களை வெட்டித் தள்ளி, மில் வைத்து, கடை வைத்து, மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து கனடா என்று பெயர் வைத்துக்கொண்ட சூட்டோடு அரசியலிலும் இறங்கி, இரண்டு தடவை நாடாளுமன்றம் போனார். மூன்றாம் தடவை நேற்று தோற்றார். அவருக்கு எழுநூற்றுப் பதின்மூன்று. மாவு மில் டிரிம்பிளுக்கு எழுநூற்றுப் பதினான்கு.

"இந்தக் காகிதத்தைப் பாரு. நாலாம் பெட்டி, நம்ம மில் பெட்டி. எனக்கு அறுபத்தொண்ணு. டிரிம்பிளுக்கு ஒண்ணு. என் உப்பைத் தின்னுட்டு அந்த ஒண்ணைப் போட்டது யாரு?"

"அடுத்த வரியில டிரிம்பிள் ஊர்ப் பெட்டி இருக்கே, அதையும் பாத்தீங்களா?" என்றாள் இசபெல், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது அவன் ஊரு. அங்க எவன் எனக்குப் போடுவான்? நம்ம பெட்டியைப் பேசு."

கில்லிஸுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "எல்லாம் இந்த ரகசிய ஓட்டு பண்ற வேலை. போன தடவை எப்படி இருந்தது? மேடை ஏறி, எல்லார் காதிலும் விழற மாதிரி பேரைச் சொன்னாங்க. எவன் நம்மாளு, எவன் இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சுது. எதிர்ல நின்ன டிரிம்பிள்கூட தொப்பியைக் கழட்டிட்டு என் பேரைத்தான் சொன்னான். அப்படி ஒரு மரியாதை இருந்தது நாட்டுல! இப்போ திரைக்குப் பின்னாடி போய்ப் பென்சிலால ஒரு குறி. அதுவும் நீ, திரைக்குப் பின்னாடி ரொம்ப நேரம் நின்னியாமே?"

"பென்சில் முனை உடைஞ்சுபோச்சு, முதலாளி. கத்தியை எடுத்துச் சீவினேன்."

"மத்தவங்க எல்லார்கிட்டயும் விடிஞ்சதுமே மில் வாசல்ல பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டேன். மிச்சம் நீதான்."

"யாருக்குப் போட்டேன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, முதலாளி. நீங்களே ஒட்டாவாவுல எழுந்து நின்னு ஆதரிச்ச சட்டம்."

"அது ஊருக்குப் போட்ட சட்டம். நம்ம மில்லுக்கு இல்லை."

பாப்டிஸ்ட் மேசைமேல் இருந்த பைபிளில் கை வைத்தான். "உங்களுக்குத்தான் போட்டேன். என் அஞ்சு புள்ளைங்க மேல சத்தியம்."

கில்லிஸ் யோசித்தார். அந்தச் சத்தியமும் அவருக்கு நிம்மதி தரவில்லை.

"எல்லாருமே சத்தியம் பண்ணிட்டீங்க. ஆனா பெட்டியில ஒரு ஓட்டு அவனுக்கு விழுந்திருக்கு. அப்போ ஒருத்தன் பொய் சொல்றான். திரைக்குப் பின்னாடி அதிக நேரம் நின்னவன் நீ. சாயங்காலத்துக்குள்ள மில் வீட்டைக் காலி பண்ணு."

பதினாறு வருஷம் அந்த மில்லில் ரம்பம் பிடித்தவன் பாப்டிஸ்ட். இன்னும் இரண்டு மாதத்தில் ஆறு உறைந்துவிடும். அதன்பின் எந்த மில்லிலும் வேலை கிடைக்காது. அவன் தொப்பியைத் தலையில் வைக்கப் போனான்.

"நில்லு பாப்டிஸ்ட்," என்று இசபெல் பின்னலைக் கீழே வைத்தாள். "ஏங்க, இவனோட சேர்த்து எத்தனை பேர் சத்தியம் பண்ணினாங்க?"

"அறுபத்தொண்ணு."

"பெட்டியில எத்தனை சீட்டு?"

"அறுபத்திரண்டு."

"மிச்சம் யாரு?"

"மிச்சம் யாரு, நான்தான்!"

"நீங்க யாருக்குப் போட்டீங்க?"

கில்லிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்ன கேள்வி? டிரிம்பிளுக்குத்தான் போட்டேன்! தேர்தல்ல நிக்கறவன் தனக்குத்தானே போட்டுக்குவானா, அசிங்கமா? நான் அவனுக்கு, அவன் எனக்கு. ரெண்டும் கழிஞ்சுபோகும். அதெல்லாம் ஓட்டா இசபெல்? அது மரியாதை!"

பாப்டிஸ்ட் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான்.

இசபெல் காகிதத்தை இழுத்து, அடுத்த வரியில் விரலை வைத்தாள். டிரிம்பிள் குடியிருக்கும் ஊர், டிரிம்பிள் ஓட்டுப் போட்ட பெட்டி: டிரிம்பிளுக்கு நாற்பத்தெட்டு, கில்லிஸுக்கு, நல்ல கையெழுத்தில், வட்டமாக ஒரு சைபர்.