ஒற்றை ஆள் தூக்கும் பெட்டி

“எவ்வளவு காட்டுது?”

எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எடை மெஷின் மேல் நின்றிருந்தார். வீட்டுக் குளியலறையிலிருந்து தூக்கி வந்த மெஷின். ஷீட் முகத்தை மறைத்ததால் முள் எங்கே நிற்கிறது என்று கடைக்காரர்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“தொண்ணூத்தி அஞ்சு.”

“என்னைக் கழிங்க. நான் எழுபத்திரண்டு.”

“இருபத்தி மூணு. சார், இது பிளைவுட் கடை. பழைய பேப்பர் கடை இல்ல.”

“கனம் ஜாஸ்தி. இதைவிட லேசா ஒண்ணு காட்டுங்க.”

“அப்படி என்ன செய்யப் போறீங்க?”

“ஸ்பீக்கர் பெட்டி. பேஸ் கிட்டாருக்கு.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன் நெற்றியில் வழுக்கை, கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைப் பையில் தலைவலி மாத்திரை. சங்கீதப் பைத்தியம் எந்த வயதில் பிடிக்கும் என்று யார் கண்டது?

“பேஸுக்குப் பெட்டி கனமாத்தான் சார் இருக்கணும். இல்லன்னா பெட்டியும் கூடச் சேர்ந்து உதறும்.”

“எல்லாக் கடையிலயும் இதையேதான் சொல்றாங்க. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே ஆள் தூக்கிட்டு இறங்கணும்.”

“அவ்வளவு லேசா வேணும்னா தெர்மாகோல் கடைக்குப் போங்க.”

அவர் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். இது மூன்றாவது கடை. முதல் கடையில் லேசாக ஒன்று கிடைக்கத்தான் செய்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே அங்கங்கே பொள்ளல், மூலையைப் பிடித்தால் பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. இரண்டாவது கடையில் மெஷினைப் பார்த்ததுமே “ஓனர் இல்ல” என்று ஓனரே சொல்லிவிட்டார்.

போன் அடித்தது. மனைவி.

“கிடைச்சுதா?”

“இன்னும் இல்ல. நாயா அலைஞ்சிட்டிருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி ரெடியாகணும். பெட்டி லேசா இருந்தாத்தானே வெளிய கொண்டு போய் வாசிக்க முடியும்? டம் டம்னு என் மண்டையே வெடிக்குது. அலமாரியில பாத்திரமெல்லாம் ஆடுது. இதுக்கு மேல என்னால முடியாது, நான் வேற வீடு பாக்கப் போறேன்.”

“அவசரப்படாதம்மா. இன்னும் ரெண்டு கடை இருக்கு.”

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அது அலைந்து திரிந்து பிடித்த வீடு. மகளின் பள்ளிக்கும் அவருடைய ஆபீஸுக்கும் நடந்தே போய்விடலாம். ஒரு மரப்பெட்டிக்காக அதை விட்டுப் போவதை நினைத்தாலே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

நான்காவது கடையில் அவர் சொல்வதைக் காதில் வாங்காமலேயே மெரைன் பிளைவுட்டை இறக்கிப் போட்டார்கள். அதன் ஒரு முனையைத் தூக்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்தாவது கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வேன்களுக்கு உள்வேலை செய்கிறவர்கள் வாங்கிப் போகும் பாப்லர் என்ற லேசான மரத்துப் பிளைவுட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

“எவ்வளவு காட்டுது?”

“எண்பத்தி ஏழு.”

பதினைந்து கிலோ. மனுஷன் மெஷினை விட்டு இறங்கவே மனமில்லாமல் ஷீட்டைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. பட்டறையில் தச்சர் அதை விரலால் சுண்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது அதிரும் சார். உள்ளே குறுக்கே சட்டம் கொடுத்து ஒட்டினா ஓரளவு நிக்கும். கனமான பலகையில வர்ற சத்தம் இதுல வராது. பரவாயில்லயா?”

“சத்தம் எப்படி வேணா வரட்டும். ஒரே ஆள் தூக்கணும், அவ்வளவுதான்.”

“ஸ்பீக்கர் எத்தனை இன்ச்?”

“ஒரு நிமிஷம்.” அவர் வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். “பன்னிரண்டு இன்ச்சாம்.”

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி தயாரானது. கறுப்புப் பெயின்ட், மேலே ஒரு கைப்பிடி. தச்சர் நகர்ந்து நிற்க, அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரே கையால் தூக்கினார். பட்டறைக்குள் இரண்டு சுற்று நடந்தார், வாசல் படியில் ஏறி இறங்கினார். அப்போதுதான் அந்த முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

தச்சருக்கு மனசு இளகிவிட்டது. “எத்தனையோ பேருக்குப் பெட்டி செஞ்சு கொடுத்திருக்கேன். இப்படி ஒரு சங்கீத ஆசையை நான் பாத்ததில்ல. ஒரு நாள் கிட்டாரோட வந்து வாசிச்சுக் காட்டுங்க சார்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க.”

“தெரியாதா? அப்ப இது யாருக்கு?”

“எங்க பில்டிங்ல மூணாவது மாடியில ஒரு தம்பி இருக்காரு. ஊர் பூரா வாசிக்க இடம் இருக்கு. பழைய பெட்டியைத் தூக்கிட்டு இறங்க முடியலன்னு காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டுலயேதான் வாசிக்கிறாரு.”

“அடேங்கப்பா, அவருக்காகவா இத்தனை அலைச்சல்? அவ்வளவு நெருங்கின சிநேகிதமா?”

அவர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டார்.

“நான் ரெண்டாவது மாடி.”