ஒரு சைஸ் பெரிய டயர்

ரேஸ் காருக்குப் பெரிய டயர்தான் கெத்து என்று ஜெபராஜ் ஒரு சைஸ் அகலமாக வாங்கிவந்தான். காரை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே மாட்டி, கையால் சுழற்றிப் பார்த்தான். உரசவில்லை. அவ்வளவுதான் அவன் சோதனை.

“எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குல்ல?” என்றது டயர்.

“இப்ப நீ தொங்கிட்டிருக்க, தம்பி,” என்றது மேலிருந்த மட்கார்டு. “காரை இறக்கினா நான் கிட்ட வருவேன். வளைவுல இன்னும் கிட்ட வருவேன். என் விளிம்பு பிளேடு மாதிரி.”

“ஐயோ, அவன்கிட்ட சொல்லேன்!”

“நம்ம பேச்சு அவனுக்குக் கேட்காது. நீ கிழியிற சத்தம்தான் கேட்கும்.”

கார் தரையில் இறங்கியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. ஜெபராஜ் குனிந்தே பார்க்காமல் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

முதல் வளைவில் கார் சாய்ந்தது.

“வந்துட்டேன்,” என்றது மட்கார்டு, ரொம்ப அன்பாக.