பெயருண்ணியின் உறை

அவள் கடைசிப் பெயருக்கு வந்துவிட்டாள்.

வாளுறை அவள் மடியில் கிடந்தது. பிடியில் அரசனின் கை. கீழே கோட்டைக் கதவை அக்கரைக்காரர்கள் பெரிய மரம் கொண்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

அந்த ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் வாள் வெளியே வரும். வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் பிழைப்பார்கள்.

அவளுக்கு வாய் எழவில்லை.

பெயருண்ணி என்று அந்த வாளுக்குப் பெயர். மற்ற வாள் மாதிரி பிடித்து இழுத்தால் வந்துவிடாது. அதற்குத் தன் கதையைக் கேட்க வேண்டும். இதுவரை அது கொன்றவர்களை எல்லாம், முதல் ஆளிலிருந்து, ஒருத்தி உறையின் வாயில் வாய் வைத்துச் சொல்ல வேண்டும். அவள் சொல்வது வேறு யார் காதிலும் விழாது. கேட்டு முடித்தால்தான் வாள் இளகும்.

முதல் பெயர் அதை அடித்த கொல்லனுடையது. கூர் பார்க்கிறேன் என்று அன்றைய அரசன் அவன் கழுத்திலேயே பார்த்துவிட்டான். என்னைச் சொல்லாமல் இதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கொல்லன் செத்தான். பலித்துவிட்டது.

அப்புறம் கொல்லனின் தம்பி. அப்புறம் உப்பு விற்க வந்த ஒருவன். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. காது மடங்கிய உப்புக்காரன் என்று சொன்னால் வாள் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் ஆடு மேய்த்தவர்கள், படகோட்டிகள், கல்யாண மாலை வாடுவதற்குள் களத்தில் வந்து நின்ற மாப்பிள்ளை ஒருவன்.

சண்டை முடிந்த சாயங்காலம் பெயர் சேர்க்க அவள்தான் களத்துக்குப் போவாள். குற்றுயிராய்க் கிடப்பவனிடம் பக்கத்தில் கிடப்பவன் யார் என்று கேட்பாள். எதிரிகள்கூடச் சொல்லிவிடுவார்கள். செத்தவனைப் பேர் இல்லாமல் விட யாருக்குத்தான் மனசு வரும்?

ஒரு பெயர் குறைந்தாலும் வாள் வராது. ஒன்று கூடினாலும் வராது.

இந்த அரசனுடைய அப்பன் ஒருமுறை, தான் கொல்லாத ஒரு தலைவனைக் கொன்றதாகப் பீற்றிக்கொண்டு, அவனையும் சேர்த்துச் சொல்ல வைத்தான். பிறகு சபை நடுவில் இழு இழு என்று இழுத்துப் பார்த்தான். நன்றாக வேண்டும்.

கடைசிப் பெயர் கொற்றன்.

அவள் மகன்.

அக்கரையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். தங்கினால் என்ன, மகன் இல்லையென்று ஆகிவிடுமா? திருவிழாவுக்குத் திருவிழா படகில் வருவான். மடி நிறைய நாவற்பழம் கொண்டுவருவான். போன வருஷம் சண்டை மூண்டபோது அந்தப் பக்கம் நின்றான். பெண்டாட்டி பிள்ளை அங்கே. வேறெங்கே நிற்பான்?

ஆற்றுத்துறையில் சண்டை நடந்தது. முடிந்ததும் அரசன் அவளிடம் வந்தான்.

"ஆத்தா, உன் மகனைப் பெயருண்ணியால நானே வெட்டினேன். தண்ணியோட போயிட்டான். அவனையும் சேர்த்துக்கோ."

முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கரை நெடுகத் தேடினாள். உடல் கிடைக்கவில்லை. வைக்கோலில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்தார்கள். செத்தவன் பெயரைச் சொல்லி அழுவது அந்த ஊர் வழக்கம். மற்றப் பெண்கள் அழுதார்கள். அவளால் அழ முடியவில்லை. அந்தப் பெயரை வாயில் எடுக்கவே முடியவில்லை. வருஷம் பூராவும் முடியவில்லை.

கீழே தாழ்மரம் முறியத் தொடங்கியது.

அவளுக்குத் தெரியாதா என்ன? களஞ்சியத்துக்குள் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் அவள் கைபட்டுப் பிறந்தவை.

உறையின் வாயில் உதட்டை வைத்தாள். மூச்சுத்தான் வந்தது.

சொன்னால் அவன் செத்துவிடுவான். இத்தனை நாளும் எங்கேயோ ஓரிடத்தில் அவனைச் சாகவிடாமல் வைத்திருந்தாள். இப்போது தன் வாயாலேயே கொல்ல வேண்டும்.

எல்லாரும் சாகட்டும், நானும் சாகிறேன் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சொல்லி முடித்துவிட்டாள் என்று அரசன் நினைத்துக்கொண்டான்.

இழுத்தான்.

வாள் வந்துவிட்டது.

ஒரு தடங்கலும் இல்லாமல், முழுசாக.

சுற்றி நின்ற வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். அரசன் வாளைத் தூக்கிப் பிடித்தபடி படிகளில் இறங்கி ஓடினான். அவர்களும் பின்னால் ஓடினார்கள்.

அவள் உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கடைசிப் பெயரைச் சொல்லவே இல்லை, ஆனாலும் வாள் வந்துவிட்டது.

பெயர் குறையவில்லை.

வெட்டு விழுந்ததா, அவனாகத் தண்ணீரில் குதித்தானா, இந்த அரசன் எங்கே நின்று பார்த்தான்? அப்பன் புத்திதானே இவனுக்கும் இருக்கும்.

என் பிள்ளை சாகவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகையும் கூடவே வந்தது. அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

சாகவில்லை என்றால் இப்போது எங்கே இருப்பான்?

கதவுக்கு அந்தப் பக்கம்.

அவன் பெயரைச் சொல்லியிருந்தால் வாள் வந்திருக்காது.

கீழே அரசனின் ஆட்கள் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் உறையை இரண்டு கையாலும் தூக்கி வாயோடு வைத்துக்கொண்டாள்.

"கொற்றன்" என்றாள். மறுபடியும் சொன்னாள்.

உறைக்குள் வாள் இல்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.