இருபத்து நான்கு லோகநாதன்கள்

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்கு உட்பட்ட சகல பொதுமக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், திருநீர்மலை சாலை நீர்வண்ணன் ஃப்ளாட்ஸின் செயலாளர் லோகநாதனுக்குச் செய்வினை வைக்கப்பட்டுவிட்டது.

அறிவித்தவர் லோகநாதனேதான். தனக்குத் தானே, மனசுக்குள், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பி பிளாக் இரண்டாவது மாடியில் ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அறிவித்தார்.

மேசைமேல் அவர் இருந்தார். கட்டைவிரல் உயரத்தில்.

தொப்பை அவருடையது. பின்னால் கட்டிய கைகளும் அவருடையவை. மாடித் தொட்டி வழிகிறதா என்று தினமும் கார் பார்க்கிங்கில் நின்று அண்ணாந்து பார்க்கும் அந்தப் பொறுப்பான மோவாய், கோர்ட்டில் காட்டினாலும் அவருடையதுதான்.

இடது முழங்காலில் ஒரு செப்புக் கம்பி ஏறியிருந்தது.

லோகநாதனுக்கு இடது முழங்காலில்தான் ஐந்து நாளாக வலி.

முந்தின நாள் கன்னியம்மா சொன்னபோது அவர் நம்பவில்லை. அவர் வீட்டிலும் இந்த வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள் அவள்.

"அந்த பொம்ம பண்ற தம்பி இல்ல சார், உங்கள மாதிரியே ஒண்ணு பண்ணி, முட்டில கம்பி சொருவி வச்சிக்கீது. எனக்கின்னா வந்துச்சி, சொல்லிட்டேன். எங்க அனகாபுத்தூர்ல இப்டித்தான் ஒரு ஆளு ஒரு மாசம் எழுந்துக்கவே இல்ல."

படித்தவர், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில், மூடநம்பிக்கை எவ்வளவு கெடுதல் என்று அவளுக்குக் கால்மணி நேரம் விளக்கினார். விளக்கி முடித்ததும் முழங்கால் இன்னும் அதிகமாக வலித்தது.

ஆகவே, பாத்ரூம் கசிவைச் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். இங்கே குடியிருக்கும் பிரசன்னா, பாத்ரூம் அந்தப் பக்கம் என்று கைகாட்டினான். லோகநாதன் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

மறுநாள் சங்கத் தேர்தல். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவரை எதிர்த்து ஒருவர் நிற்கிறார். சந்திரிகா. பிரசன்னா வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பதவி போனால் லெட்டர்பேடு போகும். ரப்பர் ஸ்டாம்ப் போகும். வாட்ஸ்அப் குழுவில் யாரையும் வெளியே தள்ள முடியாது. அப்புறம் அவர் ஏ பிளாக், மூன்றாம் நம்பர் வீடு. அவ்வளவுதான்.

மேசையை ஆராய்ந்தார்.

கிண்ணத்தில் வெள்ளைப் பொடி. பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழம். சப்பாத்தி மாவுபோல் பிசைந்த சாம்பல்நிற உருண்டை. அதிலிருந்துதான் தலைகள் முளைக்கின்றன போலிருக்கிறது. தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு காது மடிந்த பழுப்பு நாய் சுருண்டு படுத்திருந்தது.

பைரவர் வாகனம். அடப்பாவிகளா, எல்லாவற்றையும் முறைப்படி அல்லவா செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் தட்டைப் பார்த்தார்.

தட்டு நிறைய லோகநாதன்கள். ஒரே தொப்பை, ஒரே மோவாய், எல்லோரும் அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டு. சிலருக்குச் சட்டைக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. எண்ணினார். இருபத்து நான்கு. நீர்வண்ணன் ஃப்ளாட்ஸில் மொத்த வீடும் இருபத்து நான்கு.

வாசலுக்கு ஒன்றாகப் புதைக்கப்போகிறார்கள்.

விசாரணையைத் தொடங்கினார். பிரசன்னா எதையும் மறைக்காமல் பதில் சொன்னான். சந்தேகம் வலுத்ததே அதனால்தான். பொடி, முகத்துக்குப் போடும் பவுடர். ரப்பர் அச்சில் தடவினால் வார்ப்பு ஒட்டாமல் வரும். எலுமிச்சை, விரல் பிசுக்குப் போக. உருண்டை, குழாய் ஒழுகினால் பிளம்பர் அடைக்கிறாரே, அந்த எம்-சீல் வகையறா. ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும், அதற்குள் மூக்கு வைத்தாக வேண்டும். அச்சிலிருந்து உரிக்கும்போது முதல் பொம்மைக்குக் கால் ஒடிந்துவிட்டது, அதனால்தான் கம்பி.

என்றைக்கு ஒடிந்தது என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்றான்.

லோகநாதனுக்கு வலி ஆரம்பித்ததும் திங்கட்கிழமைதான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த புகார் மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இதைச் செய்யச் சொன்னது சந்திரிகாதானே என்று நேராகவே கேட்டுவிட்டார்.

பிரசன்னா போனை எடுத்து, வந்திருந்த ஆர்டரைக் காட்டினான். 

ஆர்டர் கொடுத்தவர் சேலையூர் தயாளன், ரயில்வேயில் ரிட்டயரானவர். வீட்டு மாடி அறையில் தாம்பரம் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தண்டவாளம் போட்டாயிற்று, நடைமேடை ஆயிற்று, டீ ஸ்டால்கூட வந்தாயிற்று. வண்டி எப்போது வரும் என்று போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க ஆள்தான் பாக்கி. பிரசன்னா பால்கனியிலிருந்து தினமும் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். பார்த்ததை அப்படியே பிடித்து வைத்துவிட்டான்.

ஆக, செய்வினை இல்லை. சந்திரிகாவும் இல்லை. லோகநாதனுக்கு முழங்கால் லேசானது போலிருந்தது.

அதற்கடுத்த நிமிடம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால், இத்தனை பேர் குடியிருக்கும் இடத்தில், ஒரு ஸ்டேஷனுக்கே அவர் முகம்தான் தேவைப்பட்டிருக்கிறது. மனுவைப் பையின் ஆழத்தில் தள்ளிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அப்ப இதுல நான் யாருப்பா? ஸ்டேஷன் மாஸ்டரா?"

"கூட்டம் சார்."

லோகநாதன் தட்டைப் பார்த்தார். பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

அது டிக்கெட் கவுண்டர் வாசலில் படுக்கிற நாய். அதை மட்டும் நான்கு போட்டோ அனுப்பி, பெயர் சொல்லி, ஒன்றே ஒன்று செய்யச் சொல்லியிருந்தார் தயாளன்.