நின்று சாப்பிடும் கடை

துரைக்கண்ணுவின் வெள்ளைக் கார் தெப்பக்குளத்து வடகரையில் வந்து நின்றதும் வானதி தன் கடையில் துடைத்துக்கொண்டிருந்த வாழையிலையைக் கீழே வைத்தாள்.

இந்தக் கார் என்றைக்காவது வரும் என்றுதான் அவள் இத்தனை நாளாகக் காத்திருந்தாள்.

மன்னார்குடியில் வானதியின் பர்கர் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கல்லில் வெண்ணெய் விட்டு வாட்டிய பன், மிளகு தூக்கலான கோழிக் கட்லெட், தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்த சட்னி. வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுப்பாள். திருத்துறைப்பூண்டியிலிருந்துகூட பைக்கில் வருகிறார்கள்.

உட்கார மட்டும் இடம் கிடையாது.

குளிர்பானக் கம்பெனிக்காரர் குடையோடு நாற்காலிகளும் இலவசமாகத் தருகிறேன் என்று வந்தார். குடையை மட்டும் வாங்கிக்கொண்டு நாற்காலிகளைத் திருப்பி அனுப்பினாள். கேட்டவர்களிடமெல்லாம் இடம் போதாது என்றாள்.

காலேஜ் பையன்கள் அதையே பெருமையாக்கிவிட்டார்கள். வானதி கடை பர்கரை நின்றுகொண்டு தின்றால்தான் ருசி என்று வீடியோ எடுத்துப் போட்டார்கள். கூட்டம் இன்னும் கூடியது.

காரணம் தெரிந்தவள் தஹ்மீனா ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரு காலத்தில் துரைக்கண்ணுவின் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றவர்கள்.

நின்றவர்கள் என்றால் நின்றவர்கள்தான். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை வேலை பார்க்கும் பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் இல்லாத மத்தியானத்திலும் கூடாது. முதலாளி தன் அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் வானதிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஏழாம் மாத வயிறு. சேலைக் கட்டு ஒன்றின்மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.

பட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பொண்ணு எழுந்திரு என்று மைக்கில் முதலாளியின் குரல் வந்தது. கடை முழுக்கக் கேட்டது. சேலை எடுக்க வந்த கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றைக்கே கறுவிக்கொண்டாள். என் முன்னால் வந்து நிற்காமலா போய்விடுவாய்.

அப்புறம் கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜவுளிக்கடைகளில் ஸ்டூல் போட்டார்கள். அதற்குள் வானதி வேலையை விட்டுவிட்டுப் பர்கர் கடை போட்டிருந்தாள். தஹ்மீனாவையும் கல்லில் வேலைக்கு அழைத்துக்கொண்டாள். குவைத்தில் சமையல் வேலை பார்க்கும் தஹ்மீனாவின் கணவர் போனில் சொல்லிக் கொடுத்த பக்குவம்தான் அந்தக் கட்லெட்.

இப்போது காரிலிருந்து துரைக்கண்ணுவின் மருமகள் இறங்கி வந்தாள். மாமாவுக்கு ஒரு வாரமாக எதுவும் இறங்கவில்லை, பேரப்பிள்ளைகள் போனில் காட்டிய இந்த பர்கரைத்தான் வாய்விட்டுக் கேட்டார், காருக்கு ஒன்று கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"காருக்கெல்லாம் குடுக்கறதில்லைங்க. இங்க வந்து நின்னு சாப்பிடறவங்களுக்குத்தான்."

அவருக்குச் சிரமம் என்று மருமகள் இழுத்தாள்.

சிரமம் என்ற சொல் வானதியின் காதில் தேனாக விழுந்தது. பட்டுப் பிரிவில் யாருக்கும் இல்லாத சிரமமா? உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். அவள் அடுத்த இலையைத் துடைத்தாள்.

மருமகள் காருக்குத் திரும்பிப் போனாள். உள்ளே ஏதோ பேச்சு நடந்தது.

வரட்டும். வந்ததும் கொடுத்துவிடக் கூடாது. பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அப்புறம்தான். அதுவரை கால் கடுக்க நிற்கட்டும். மைக் இல்லாதது ஒன்றுதான் குறை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

டிரைவர் இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார்.

மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார்.

துரைக்கண்ணு அதில் உட்கார்ந்து வந்தார். வலது முழங்காலுக்குக் கீழே வேட்டி வெறுமையாகத் தொங்கியது. சர்க்கரை என்று யாரோ முணுமுணுத்தார்கள். வரிசை தானாக விலகி வழிவிட்டது.

வானதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரக்கம் வரவில்லை, வரவழைக்கவும் அவள் முயலவில்லை. இத்தனை வருஷம் ஊரையே நிற்க வைத்தது எதற்காக? இந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் முதல் ஆளாக இவரா வர வேண்டும்?

அவர் உயரத்துக்கு அவள் குனிந்துதான் இலையை நீட்ட வேண்டியிருந்தது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மெதுவாக மென்றார். ருசி பிடித்துப்போய்த் தலையை ஆட்டினார். கடைக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். கல்லுக்கு முன்னால் தஹ்மீனா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது.

"ஏம்மா, உள்ள வேலை பாக்கற பொண்ணுக்காவது ஒரு ஸ்டூல் போடக் கூடாதா? நாள் பூரா நின்னா கால் என்னத்துக்கு ஆவும்?"

கல்லில் கட்லெட் பொரிந்துகொண்டிருந்தது.

தஹ்மீனா அவரைப் பார்க்கவில்லை. வானதியைத்தான் பார்த்தாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவளும் இதையேதான் கேட்டிருந்தாள். உள்ளே ஒன்று இருந்தால் வெளியே ஒன்று கேட்பார்கள், அந்த ஆள் வரட்டும், அதுவரை பொறு என்று வானதி சொல்லியிருந்தாள்.

தஹ்மீனா அடுப்பைத் தணித்தாள். காலி எண்ணெய் டின் ஒன்றை இழுத்துக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

வரிசையில் இன்னும் அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

எழுந்திரு என்று சொல்ல வானதி வாயைத் திறந்துவிட்டாள்.